ஆயிரத்தொன்பதாவது கொழுக்கட்டை

எங்கள் குலத்துச் சாத்தா கோயில், ஐந்தருவிக்குச் செல்லும் சாலையிலிருந்து சற்று விலகி, மலையடிவாரத்து ஓடைக்கரையில் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று குடும்பத்தார் அனைவரும் அங்கே கூடி, ஆயிரத்தெட்டுக் கொழுக்கட்டை அவித்துப் படைத்து, ஒரே பந்தியில் உண்டு திரும்புவது வழக்கம். எனக்குப் பத்து வயதான ஆண்டில் அவ்வழக்கம் அறுந்துபோகும் நிலையில் இருந்தது. தென்காசி வீட்டைப் பாகம் பிரித்ததில் பெரியப்பாவும் என் தந்தையாரும் பேச்சை நிறுத்தியிருந்தனர். படைத்ததைச் சரிபாதியாகப் பிரித்துத் தனித்தனியே உண்பது, மறு ஆண்டு முதல் தனித்தனியே வருவது என்று இருவரும் நேரில் பேசாமலே உடன்பட்டிருந்தனர். அவ்வாண்டில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

இருவருக்கும் மூத்தவர் அத்தை; பெண்கள் பள்ளியொன்றில் கணக்காசிரியை. கொழுக்கட்டைகளை எண்ணி வைப்பது ஆண்டுதோறும் அவர் பொறுப்பு. அன்றும் அவரே எண்ணினார்.

பூசை முடிந்தது. வகுத்தலில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்திருந்ததால் பங்கிடும் பணி எனக்கு வாய்த்தது. இருபுறமும் ஐந்நூற்று நான்கு வைத்தேன். நடுவே ஒன்று எஞ்சியது.

"அத அவங்களே எடுத்துக்கிடட்டும்," என்றார் தந்தையார், மருதமரத்தைப் பார்த்து.

"பொறவு நான்தான் கூடத் தின்னேன்னு ஊரெல்லாம் சொல்லுததுக்கா?" என்றார் பெரியப்பா, ஓடையைப் பார்த்து.

சாத்தாவுக்குப் படைத்ததைப் பிய்த்துப் பகிர்வது எங்கள் குலத்தில் ஆகாது. எஞ்சவிட்டுத் திரும்புவதும் ஆகாது. பூசாரியோ, "எம் பங்கு வந்துட்டு அண்ணாச்சி, ஒங்க வழக்குல என்னைய இழுக்காதீங்க," என்று விலகிக்கொண்டார். ஏழு குடும்பங்களுக்கு ஏழு பங்காக்கச் சொன்னார் பெரியப்பா. ஒன்று எஞ்சியது. வந்திருந்த நாற்பத்திரண்டு பேருக்கும் தலைக்கணக்காகப் பகிரச் சொன்னார் தந்தையார். அப்போதும் ஒன்று எஞ்சியது. சிறு பிள்ளைகள் பசியால் அழத் தொடங்கினர்.

அத்தை எழுந்தார். "ஏலே, ரெண்டு பேரும் கேளுங்க. வகுத்துக்கிட்டே இருந்தா பொழுது சாஞ்சிரும். எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி எலைய விரிங்க. யாரு எத்தன தின்னாங்கன்னு எவன் எண்ணுதான்னு பாக்கேன்."

பந்தி நடந்தது. பெரியப்பா எழப்போகையில், தந்தையார் அவர் இலையில் மேலும் ஒரு கொழுக்கட்டையை வைத்தார். அவரும் மீண்டும் அமர்ந்தார். இவ்வாண்டும் நாங்கள் அனைவரும் சேர்ந்தே போய் வந்தோம்.

ஆயிரத்தெட்டு என்பது இரண்டு, மூன்று, ஏழு என்று எவர் கேட்டாலும் இணங்கிப் பிரிந்துவிடும் எண். ஒன்றைக் குறைத்திருந்தாலும் பத்தொன்பது பங்காக்க இடமிருந்திருக்கும். ஆயிரத்தொன்பதோ பகா எண். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாது. கல்லூரியில் இதனைப் பயின்ற அன்று, இருந்த இடத்திலேயே அத்தையை மனத்தால் வணங்கினேன். இன்று கண்டறியப்படும் பகா எண்கள் ஏடு கொள்ளாத நீளமுடையவை என்கின்றனர். எனக்கு அந்த நான்கிலக்க எண்ணே இன்றும் பெரிது.

அன்று திரும்பும் வழியில், "எண்ணிக்க தப்பிட்டோ அத்தை?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஆமாலே, ஒண்ணு கூடிட்டு," என்றார்.

கணக்காசிரியைக்கு எண்ணத் தெரியவில்லையே என்று அவருக்காக நான் வெட்கினேன். அவருடைய மாணவியர் எவரிடமும் சொல்லமாட்டேன் என்று உறுதியும் அளித்தேன்.