நிறம் தெரியாத கிளப்பின் சட்டை

எங்கள் தோட்டத்துக் கால்பந்து அணிக்குத் தென் அமெரிக்காவிலிருந்து சட்டை வந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. வந்தது சட்டை அல்ல, சட்டையின் படம். தைத்தவள் நான். அதனால் இதை அண்ணன் சொல்வதைவிட நான் சொல்வதுதான் நியாயம்.

எழுபதுகளின் கடைசி அது. இலங்கை மலைநாட்டில், றொசல்ல ஸ்டேசனிலிருந்து நடக்கும் தூரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கின் லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், நாங்கள், மாரியம்மன் கோயில்காரர்கள். கீழ்க்கணக்கில் பெரும்பாலும் மாதா கோயில்காரர்கள். முன்பு ஆளுக்கொரு அணி இருந்தது. தோட்டத்துத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் அரசாங்கப் பட்டியலில் பெயர் வந்த குடும்பங்கள் மாதம் ஒன்றிரண்டாக ஹட்டனில் ரயிலேறப் போக, இரண்டு அணியிலும் ஆள் குறைந்தது. கடைசியில் இரண்டையும் சேர்த்து எண்ணினால் சரியாகப் பதினொரு பேர். கேப்டனான அண்ணனுக்கு அதே கவலை. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இவருக்குச் சோறு இறங்காது.

ஒரு பெயரும் ஒரு சட்டையும் இருந்தால் இந்தப் பதினொரு பேரும் பிரியமாட்டார்கள் என்று அண்ணன் நம்பினார். அந்த நேரம் பார்த்துத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் ஹட்டனில் பழைய பேப்பர்க் கட்டொன்றிலிருந்து ஓர் ஆங்கில விளையாட்டுப் பத்திரிகையை உருவிக்கொண்டு வந்தார். வாத்தியாரும் அணியில் ஒருவர்தான்; பின்வரிசையில் நின்று பந்தைத் தவிர எல்லாவற்றையும் உதைப்பார். பத்திரிகையில் நாலு பக்கத்துக்கு ஒரு தென் அமெரிக்கக் கிளப்பின் சரித்திரம். ஞாயிறுதோறும் விளையாட்டு முடிந்ததும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு பத்தியைத் தமிழில் சொல்வார். அதற்கு மேல் அவருக்கும் ஆங்கிலம் ஓடாது, எங்களுக்கும் பொறுமை இருக்காது.

ரயில் பாதை போட்ட வேலையாட்கள் தொடங்கிய கிளப்பாம். துரைமார் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்து, அவர்கள் வீசிய பழைய பந்தில் பழகி, கடைசியில் அந்தத் துரைமாரையே தோற்கடித்தார்களாம். அந்தப் பத்தியை மட்டும் மூன்று முறை சொல்லச் சொன்னோம். "இனிமே நாங்களும் ரயில்வே கிளப்புதான்" என்றார் அண்ணன்.

படம் கறுப்பு வெள்ளை. சட்டையில் நெடுக்குப் பட்டைகள். ஒன்று வெள்ளை, மற்றது என்ன நிறம்? எங்களில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பட்டை என்றால் சிவப்பும் வெள்ளையும்தான். மாரியம்மன் கோயில் சுவரைப் பார்த்து வளர்ந்த கண்கள். அது பச்சை என்று எண்பதுகளில் ஒரு கலர்ப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பொழுது விடிந்து பொழுது சாயும்வரை பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பச்சை தோன்றவே இல்லை!

மாவுச் சாக்குத் துணியை வெளுத்து, சாயத்தில் நனைத்த பட்டைகளை வைத்துத் தைத்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, மூன்று வாரச் சாயங்காலங்கள். விரலெல்லாம் சிவப்பு. கொண்டுபோய்க் கொடுத்தால், கீழ்க்கணக்கு சென்டர் ஃபோர்வேர்ட் விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"கோவிச்சுக்காத தங்கச்சி. மாரியம்மன் கோயில் சொவத்தப் போட்டுக்கிட்டு நான் மாதா கோயில் வாசல்ல எப்புடி நடப்பேன்? எங்கம்மா என்னைய வீட்டுக்குள்ள விடாது."

அவரோடு மற்றக் கீழ்க்கணக்குக்காரர் நால்வரும் சட்டையைக் கீழே வைத்தார்கள். அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. எனக்கு வந்த கோபத்தில், "வேணாட்டி வச்சுட்டுப் போங்க, தொட்டிலு கட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். போகிற வழியில் ரயில் கேட் மூடியிருந்தது. மூக்குக்கு நேரே சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. ரயில் போகும்வரைகூட நிற்கவில்லை, திரும்பி ஓடினேன்.

"அது கோயில் சொவரு இல்ல. ரயில் கேட்டு! நாம ரயில்வே கிளப்புதானே? போய்ப் பாருங்க!"

ஐந்து பேரும் நிஜமாகவே போய்ப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தார்கள். "கேட்டுன்னா சரி. கேட்டுக்கு எங்கம்மாவும் ஒண்ணும் சொல்லாது" என்று சென்டர் ஃபோர்வேர்ட் சட்டையைத் தலைவழியே மாட்டினார். அப்பாடா என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு டிக்கோயாப் பக்கத்து அணியோடு விளையாட்டு. பாதியில் மழை பிடித்துக்கொண்டது. என் சாயம் ஓடியது. பட்டையாவது கேட்டாவது, மொத்தப் பேரும் ரோஸ் நிறம். எதிரணிக் கோல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த நேரத்தில் எங்கள் சென்டர் ஃபோர்வேர்ட் பந்தை உள்ளே தள்ளினார். ஒன்றுக்கு நாலு என்று தோற்றோம். ஆனாலும் ஜெயித்தவர்கள் மாதிரித்தான் லயத்துக்கு வந்தோம்.

ஈரத்தோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டே கடைசிப் பத்தியைக் கேட்டார்கள். அந்த வேலையாட்கள் வேறு நாட்டிலிருந்து பிழைப்புக்குக் கப்பலேறி வந்தவர்களாம். முதலில் வந்தேறிகள் என்று ஏசினார்களாம். பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த ஊருக்கே அந்தக் கிளப்தான் அடையாளமாம்.

"அவுங்கள யாரும் திரும்பிப் போகச் சொல்லலையா, சேர்?" என்று கேட்டார் சென்டர் ஃபோர்வேர்ட்.

வாத்தியார் பக்கத்தைப் புரட்டி மறுபுறமும் பார்த்தார். "அப்புடி ஒண்ணும் எழுதல."

அவர் ஏன் கேட்டார் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

"எப்ப வந்துச்சு?" என்றார் அண்ணன்.

"வெள்ளிக்கெழம. வீட்டுல எல்லாருக்கும் பாஸ்போட்டு வந்திருச்சு."

இவரைப் போய்த் தொட்டில் அது இதென்று பேசினேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இன்னும் எத்தன ஞாயித்துக்கெழம இருக்கு?"

"ஆறு."

"அப்ப ஆறு மேட்சு இருக்கு, மச்சான்."

அந்த ஆறு ஞாயிறும் எங்கள் ஆட்கள் பதினொரு பேராகத்தான் இறங்கினார்கள்.