தலைக்கு மேலே இரண்டாவது பூட்ஸ்

ஜமுனாமரத்தூரில் பஸ் வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் டீக்கடை இருந்தது. கடைக்குப் பின்னால் ஒரே அறை, அதுதான் வீடு. அதற்கு மேலே பலகை அடித்த மச்சு. எங்கள் தெருவில் ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர் குடியிருந்தது அங்கே மட்டும்தான். எண்பதுகளின் தொடக்கத்தில், மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவர் அந்த மச்சுக்குக் குடிவந்தார். மலைக்குக் கீழேயிருந்து வந்தவர், கல்யாணமாகாதவர், என் வயதுதான் இருக்கும்.

பொழுது சாயும்போது பனிமூட்டம் இறங்கி வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். எதிர்ப்பக்கப் புளியமரம் பாதி இருக்கும், பாதி இருக்காது. அந்த நேரத்தில் அவர் ஏதாவதொரு குக்கிராமத்தில் மாட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டு, சேறு அப்பிய பூட்ஸோடு வெளிப்படியில் ஏறுவார். கட்டில் கிறீச்சிடும். ஒரு பூட்ஸ் பலகையில் விழும். பிறகு கொஞ்சம் சும்மா இருக்கும். அந்தச் சும்மாவில் எங்கோ ஒரு மாட்டு மணி கேட்கும், இல்லாவிட்டால் அடுப்பில் விறகு வெடிக்கும். அப்புறம் அடுத்த பூட்ஸ். இரண்டும் விழுந்த பிறகுதான் அன்றைய நாளை யாரோ மூடி வைத்ததுபோல என் தோள் தளரும்.

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன். ஆறாவதுக்கு மேலே படிக்க மலையிறங்கிப் போய்த் தங்க வேண்டியிருந்தது. அந்த வளைவுகளில் பஸ் உருண்டுவிடும் என்று நினைத்து நினைத்தே நின்றுவிட்டேன். என் மனைவிக்கு இதெல்லாம் சிரிப்பு.

"மழ பேஞ்சா சொவுரு வுழும்ன்ற, மழ வுட்டா கெணறு வத்தும்ன்ற. ஒனக்கு எதுலதான்யா நிம்மதி?" என்பாள்.

அவளுடைய அந்தச் சிரிப்பு இடையில் பல மாதம் காணாமல் போயிருந்தது. எங்கள் முதல் பிள்ளை பிறந்தது, ஆனால் அழவில்லை. வாழையிலைபோல அத்தனை லேசாக இருந்ததை என் கையில் கொடுத்தார்கள். இப்போது அவள் மறுபடி மாசமாக இருந்தாள், மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பூட்ஸ்தான் விழுந்தது. நான் பால் சட்டியைக் கிளறியபடி காத்திருந்தேன். அடுத்தது வரவேயில்லை. மனுஷன் மயங்கிவிட்டாரா, பாம்பு ஏதாவது படியேறிப் போயிருக்குமா என்று என்னென்னவோ ஓடியது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

"இன்னாய்யா, மேலயே பாத்துக்னு நிக்கிற?"

"இன்னொண்ணு வுழல."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

காலையில் டீ குடிக்க வந்தவரிடம் கேட்டே விட்டேன். "சார், நேத்து ஒண்ணுதான் கேட்டுச்சு. ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

அவர் டீ புரையேறும்வரை சிரித்தார். "இங்கிலீஷ்காரன் இதுக்குன்னே ஒரு பேச்சு வச்சிருக்கான்யா. இன்னொரு பூட்ஸ் எப்ப விழும்னு காத்துனு இருக்கறான்னு சொல்லுவான்."

பிறகு அது எங்கிருந்து வந்தது என்று சொன்னார். கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய பட்டணம். மாடிக்கு மேல் மாடியாக மெல்லிய பலகைத் தரை போட்டு, கூலிக்காரர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். மேல் அறைக்காரன் வேலை முடிந்து வந்து ஒரு பூட்ஸைக் கழற்றி வீசுகிறான். உடனே கீழே தூங்குகிறவன் ஞாபகம் வர, அடுத்ததை ஓசைப்படாமல் தரையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். கீழே இருப்பவனுக்கு விழிப்பு வந்துவிட்டது. ஒன்று விழுந்தால் இன்னொன்று விழ வேண்டுமே என்று உட்கார்ந்தே இருக்கிறான். கடைசியில் தாங்க முடியாமல், 'அந்த இன்னொண்ணையும் போட்டுத் தொலடா!' என்று கத்துகிறான்.

"நெஜமா நடந்துச்சோ, யாராவது கட்டி வுட்டாங்களோ, தெரியாது. பேச்சு மட்டும் நெலச்சுப்போச்சு. ஒரு கெட்டது நடந்துடுச்சு, அதோட சோடி இன்னும் வரலியேன்னு பயந்துனு இருப்போம் இல்ல, அதத்தான் அப்படிச் சொல்றது."

சந்தைக்குச் சாமை கொண்டுவந்த ஒருவர் பெஞ்சில் இருந்தார். "ஏன் சார், அந்த ஊர்ல பூட்ஸ வாசல்லியே வுட மாட்டானா?"

"அங்க குளுருங்க."

"இங்க மட்டும் இன்னா, காயுதா?" என்று சாமைக்காரர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

கம்பவுண்டர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "நேத்து நானும் அதேதான் செஞ்சேன். ஒண்ணு போட்டதும் கீழ புள்ளத்தாச்சி தூங்குமேன்னு தோணிச்சு. அடுத்தத மெல்ல வச்சேன்."

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கெட்டது நடந்துவிட்டது, அதன் சோடி இன்னும் வரவில்லை. முகம் தெரியாத ஒரு பட்டணத்துக்காரன் என் அறைக்குள் வந்து, என் நெஞ்சில் இருந்ததை அவன் பாஷையில் சொல்லிவிட்டுப் போனதுபோல இருந்தது.

முதல் தடவை போல ஆகக்கூடாது என்று, நாள் நெருங்கியதும் அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கீழே குடியிருக்கும் அவள் அக்கா துணைக்கு வந்து கூட்டிப்போனாள். கடையைப் பூட்டிவிட்டு நானும் வருகிறேன் என்றேன்.

"நீ வளைவுக்கு வளைவு கண்ண மூடிக்னு வருவ. ஒன்ன யாரு பாத்துக்கறது? கடையப் பாரு," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஜன்னலில் அவள் கை மூட்டத்துக்குள் கரைந்தது.

அதற்குப் பிறகு நாட்கள் நீருக்கடியில் நடப்பதுபோல நடந்தன. டீ ஆற்றினேன், யார் குடித்தார்கள் என்று தெரியாது. பஸ் வரும்போதெல்லாம் கண்டக்டர் முகத்தைப் பார்த்தேன். "ஒண்ணும் சேதி இல்லய்யா," என்பார். மேலே கம்பவுண்டர் வேறு, நான் படும் பாட்டைப் பார்த்து, கீழ்ப்படியிலேயே பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஏறத் தொடங்கினார். ஒரு சத்தமும் இல்லை. கட்டில்கூடக் கிறீச்சிடவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒருநாள் வெளியே வந்து மச்சைப் பார்த்துக் கூப்பிட்டேன். "சார்! போட்டுடுங்க சார்!"

"எதய்யா?"

"பூட்ஸ. ரெண்டையும்."

மேலே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு தொப். உடனே தொப். அன்றைக்குத்தான் தூங்கினேன். கனவில் மலை முழுக்கப் புளியம்பழம் உதிர்ந்துகொண்டே இருந்தது, ஒன்றுகூடத் தரையைத் தொடவில்லை.

அப்புறம் ஒரு மாலை பஸ் மூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. கண்டக்டர் வழக்கம்போல உதட்டைப் பிதுக்காமல் பின்பக்கம் கையைக் காட்டினார். அவள் இறங்கினாள். மார்போடு ஒரு துணிமூட்டை. அது அசையவில்லை. என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னா பாக்கற? வாங்கு."

"அழலியே."

"வழி முச்சூடும் அழுதுட்டு இப்பதான் தூங்குது. பஸ்ஸுல கேட்டுப் பாரு, எல்லாரும் காதப் பொத்திக்னு வந்தாங்க."

"ஆமாய்யா, ஆரனே அடிக்க வேணாம்னுட்டாரு டிரைவரு," என்றார் கண்டக்டர்.

வாங்கினேன். இது கனமாக இருந்தது. சூடாக இருந்தது. பொண்ணு.

வீட்டுக்குள் அவளைப் படுக்கவைத்து, விளக்கைச் சின்னதாக்கினேன். பிள்ளையின் மூக்கருகே விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆஸ்பத்திரில படுத்துனு இருக்கச்ச அந்தக் கதய நெனச்சேன்யா," என்றாள். "மேல இருக்கறவன் ரெண்டாவத மெல்ல வச்சிட்டான் இல்ல? எப்பவோ வச்சிட்டான். கீழ இருக்கறவன்தான் தெரியாம உக்காந்துனு இருந்தான்."

எத்தனையோ தடவை அந்தக் கதையை மனதுக்குள் ஓட்டியிருக்கிறேன். இந்த இடத்தில் நான் நின்றதேயில்லை.

அப்போது வெளிப்படியில் காலடி கேட்டது. கம்பவுண்டருக்கு அவள் வந்தது தெரியாது. என் பேச்சைக் கேட்டு நடக்கிற மனுஷன் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைத் தொப்பென்று போட்டார். குழந்தை உடல் தூக்கிப்போட, வீலென்று அழுதது. அத்தனை பெரிய அழுகை அந்தச் சின்ன அறையில் எங்கே இருந்ததோ. மேலே எல்லாம் நின்றது.

அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். அழுகை விம்மலாகி, விம்மல் மூச்சாகியது. நான் பலகையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வச்சிட்டாருய்யா. படு."