எடுப்போம் என்றார் அமைச்சர்

அவள் கல்லூரியில் மொழியியல் நடத்துகிறவள். ஒருவர் வாயால் சொன்னது என்ன, அதைக் கொண்டு சொல்லவந்தது என்ன என்று பிரித்துப் பார்க்கிற படிப்பு அவளுடையது. பாடத்திட்டத்தில் அதற்குப் பயன்வழியியல் என்று பெயர். தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர். தம்பிக்கு மட்டும் 'துப்பறியும் அக்கா'.

"அக்கா, சாப்பிட்டியா?" என்று போனில் கேட்பான். அவள் வாயைத் திறப்பதற்குள், "இதுல உள்ளர்த்தம் எதுவும் இல்ல தாயே, நிஜமாவே சாப்பிட்டியான்னுதான் கேக்குறேன்" என்று சேர்த்துக்கொள்வான்.

அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. அப்பா பஸ் ஓட்டுநர்; பாதி நாள் வெளியூரில்தான். அவள்தான் அவனுக்குத் தலை சீவி, சட்டைப் பொத்தான் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். படிப்பு அவனுக்கு ஏறவில்லை. இயந்திரம் என்றால் மட்டும் கண் விரியும். மலையைக் குடைந்து ரயில் பாதை போடும் வேலையில் சேர்ந்து, பாறையைத் துளைக்கும் இயந்திரத்தை ஓட்டுகிற ஆளானான். மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். அக்காவும் அப்பாவும் இருந்த அதே வீட்டின் மாடி அறையில் இருவரும் குடியிருந்தார்கள். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ஒரு பிள்ளைய வளர்த்ததுலயே போதும் போதும்னு ஆயிடுச்சு" என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

ஒரு காலைப் பணி நேரத்தில் பாறை பிளந்து, சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. சுரங்க வாய்க்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். தம்பி ஆகக் கடைசியில், இயந்திரத்தின்மேல் இருந்தான். அவனோடு இன்னும் சிலர்.

உறவுக்காரர்களைப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தின் கூடத்தில் உட்காரவைத்தார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தது. தூரத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களின் இரைச்சல் விடாமல் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது எல்லோருக்கும். சத்தம் இருக்கும்வரை உயிர் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அமைச்சர் மறுநாளே வந்தார். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிக்கொண்டு, "அவர்கள் உள்ளே நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் அவர்களை உயிரோடு கொண்டுவருவோம். உங்கள் கையில் ஒப்படைப்போம்" என்றார். கூட்டம் அழுதது, கைதட்டியது. டீச்சரும் கைதட்டினாள். அன்றைக்கு அவள் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவுமில்லை.

சில நாள் கழித்து இரண்டாம் தடவை வந்தார். இந்த முறை கையில் எழுதிவைத்த தாள் இருந்தது.

"இந்த மண்ணுக்காக உழைத்தவர்கள் அவர்கள். ஒருவரைக்கூட உள்ளே விட்டுவிட மாட்டோம். கடைசி ஆள்வரை எடுப்போம். உங்கள் குடும்பங்களை இந்த அரசு ஒருநாளும் கைவிடாது. நாங்கள் உங்களோடு இருக்கிறோம்."

கூட்டம் முன்னைவிட அதிகமாகக் கைதட்டியது. டீச்சருக்குக் கை எழவில்லை.

யாரும் சொல்லிக்கொடுக்காமல், பழக்கதோஷத்தில் காது தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. போன முறை 'காத்துக்கொண்டிருக்கிறார்கள்' என்றவர், இந்த முறை 'உழைத்தவர்கள்' என்கிறார். உழைப்பு முடிந்துபோய்விட்டது. போன முறை கேட்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு 'நாம்' என்றார். இன்றைக்கு 'நாங்கள்' என்று தள்ளி நின்றுகொண்டார். சம்பாதிக்கிறவன் பிழைத்து வீட்டுக்கு வரப்போகிறான் என்றால், அவன் குடும்பத்தைக் கைவிட மாட்டேன் என்று அரசு எதற்கு வாக்குக் கொடுக்க வேண்டும்? எல்லாவற்றையும்விட அந்த 'எடுப்போம்'. உயிரோடு இருப்பவனைக் கொண்டுவருவார்கள், கூட்டிவருவார்கள், காப்பாற்றுவார்கள். எடுக்க மாட்டார்கள். சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு 'எப்ப எடுக்கிறாங்க' என்று கேட்கிறோமே, அந்த எடுப்பு இது.

கூடத்துக்கு வெளியே, கைகழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அந்தத் தாளை யார் எழுதியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவளோடு கல்லூரியில் ஒரே அறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். யார் எழுதியதைப் பார்த்தாலும் விட்டுப்போன புள்ளியைத் தேடி வைப்பார் என்பதால் முற்றுப்புள்ளி என்று பட்டப்பெயர். டீயும் கையுமாக உட்கார்ந்து இருவரும் செய்தித்தாளில் வரும் மேடைப்பேச்சுகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சிரித்த நாட்கள் உண்டு. பிறகு அவர் அமைச்சருக்குப் பேச்சு எழுதப் போய்விட்டார்.

போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சார், என் தம்பி உள்ள இருக்கான். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உள்ள யாராவது உயிரோட இருக்காங்களா?"

அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்தும் சத்தம். அப்புறம் அவர் கேட்டார்:

"மேடம், நீங்க சாப்பிட்டீங்களா?"

அவள் போனை வைத்துவிட்டாள். கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் வேறொன்று என்றால், விலகிப் போனதுதான் பதில். இதை அவள் வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறாள். அவரும்தான்.

குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். திரும்பினால் எதிரே தம்பி மனைவி. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் புதுச் சட்டை, ஒரு ஜோடி செருப்பு. வெளியே வரும்போது மாற்றுவதற்கு ஒன்றும் இருக்காதே என்று பக்கத்துக் கடைத்தெருவில் வாங்கி வந்திருந்தாள்.

"அண்ணி, எனக்குப் பாதி காதுல விழல. அழுகைச் சத்தம். அவரு என்னதான் சொன்னாரு? நீங்கதான் பேச்சு படிச்சவங்களாச்சே, சொல்லுங்க."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனாலும் அதில் ஒரு வெளிச்சம் இருந்தது. சட்டை வாங்கிய வெளிச்சம். அதை ஊதி அணைக்க அவளுக்கு வாய் வரவில்லை.

"ஒருத்தரைக்கூட உள்ள விட்டுட மாட்டோம்னு சொன்னாரும்மா. கடைசி ஆள் வரைக்கும்னு சொன்னாரு."

"அப்படின்னா வந்துடுவாருல்ல?"

"நாங்க உங்களோட இருக்கோம், ஒருநாளும் கைவிட மாட்டோம்னும் சொன்னாரும்மா."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தம்பி மனைவி துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம், "மாமா, அண்ணியே சொல்லிட்டாங்க" என்று அவள் உரக்கச் சொல்வது டீச்சருக்குக் கேட்டது. 'அண்ணியே' என்ற சொல்லில் இருந்த அந்த அழுத்தம் அவளை அங்கேயே சுவரோடு சாய வைத்தது.

அன்று சாயங்காலமே இயந்திரங்களின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பழுது பார்க்கிறார்கள் என்று சொன்னார்கள். தம்பி மனைவி அதையும் நம்பினாள். வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி சொன்னதைச் சொன்னாள். மற்ற குடும்பத்துப் பெண்கள் டீச்சரைத் தேடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் யாருக்கும் எதையும் மறுத்துச் சொல்லவில்லை.

பிறகு எடுத்தார்கள். ஒவ்வொருவராக. தம்பி கடைசியில் வந்தான். புதுச் சட்டையை அவனுக்குப் போட முடியவில்லை. மேலே போர்த்தினார்கள்.

விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். குடும்பங்களின் புகார் ஒன்றுதான்: உள்ளே இருப்பவர்கள் இறந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் தேடுவதைக் கைவிட்டுவிட்டு, எங்களிடம் மட்டும் தேடுகிறோம் என்று சொல்லி உட்காரவைத்தார்கள். உடல்கள் கிடைக்கும்வரை எங்களுக்கும் எதுவும் தெரியாது என்றது அரசு.

டீச்சரைச் சாட்சி சொல்லச் சொல்லி முதலில் நச்சரித்ததே தம்பி மனைவிதான்.

"நாங்க போனா அழத்தான் முடியும் அண்ணி. அழுகை அங்க எடுபடாது. அந்தப் பேச்ச நீங்க பிரிச்சு வைங்க. தெரிஞ்சேதான் நம்மள ஏமாத்துனாங்கன்னு உங்க வாயால சொல்லணும்."

அப்படிச் சொன்னால் அடுத்து என்ன கேள்வி வரும் என்பது டீச்சருக்கு அப்போதே தெரிந்தது. தம்பி மனைவிக்கு அது தோன்றவே இல்லை. சொல்லிவிடலாமா என்று பல தடவை மாடிப்படிவரை போனாள். ஒவ்வொரு தடவையும் காய வைத்த துணியை எடுத்துக்கொண்டோ, அப்பாவின் மாத்திரையைக் கேட்டுக்கொண்டோ திரும்பி வந்தாள்.

விசாரணை நடந்த அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடுவில். அரசு வழக்கறிஞர் இடது பக்கம். அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு முற்றுப்புள்ளி. டீச்சர் இரண்டு பேச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிதானமாக, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னாள். நாம் எப்படி நாங்கள் ஆனது, கொண்டுவருவோம் எப்படி எடுப்போம் ஆனது. நீதிபதிகூடப் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். மரியாதையான மனிதர்.

"மேடம், அவங்க இறந்துட்டாங்கன்னு அமைச்சர் எங்கயாவது சொன்னாரா?"

"சொல்லல. ஆனா..."

"சொல்லலைன்னு நீங்களே சொல்றீங்க. நல்லது. சோறு எடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், குழந்தைய இடுப்புல எடுக்கிறோம். இதெல்லாம் சாவுங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"தனிச் சொல்லுக்கு அர்த்தம் பார்க்கக் கூடாதுங்க. யாரு, யாருகிட்ட, எந்த நேரத்துல சொன்னாங்கன்னு சேர்த்துப் பார்க்கணும்."

"சரி, சேர்த்தே பார்ப்போம். நீங்க அங்கதான் இருந்தீங்க. பேச்சைக் கேட்டவுடனே உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அவ்வளவு தெளிவாப் புரிஞ்சிருந்தா வீட்டுல சொல்லியிருப்பீங்களே. என்ன சொன்னீங்க?"

முற்றுப்புள்ளி முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். அவருக்குப் போன் செய்ததை அவள் சாட்சியத்தில் சேர்க்கவில்லை. என்னவென்று சேர்ப்பாள், சாப்பிட்டீங்களா என்று கேட்டார் என்றா?

"ஒருத்தரைக்கூட உள்ள விட்டுட மாட்டோம்னு சொன்னாருன்னு சொன்னேன்" என்றாள்.

"அப்போ பொய் சொன்னீங்க?"

"இல்ல. அது எல்லாமே அவர் சொன்ன வார்த்தைதான்."

"அவ்வளவுதாங்க" என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். "அமைச்சரும் அதையேதான் செஞ்சாரு. ஆறுதல் சொன்னாரு."

டீச்சர் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். தம்பி மனைவி மூன்றாவது வரிசையில், மாமனாருக்குப் பக்கத்தில் இருந்தாள். அழவில்லை. முகம் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் மூவரும் நின்றார்கள். பெரியவர் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் தம்பி மனைவி.

"தெரியும்மா."

"நான் செருப்பு வாங்கிட்டு வந்து நின்னேன்ல, அப்பவே?"

"அப்பவே."

"கடைக்காரன்கிட்ட பேரம் பேசினேன் அண்ணி. அவரு வந்தா திட்டுவாருன்னு." குரல் உடைந்தது. "அந்த நாலஞ்சு நாள நீங்க எனக்குக் கொடுத்தீங்களா, என்கிட்டயிருந்து பிடுங்கிட்டீங்களான்னு எனக்குத் தெரியல. ஒண்ணு மட்டும் தெரியுது. ஊரே பொய் சொன்னாலும் நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்."

டீச்சருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. நானும் அவனை வளர்த்தவள்தானே என்று சொல்லலாம். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது இன்னொரு பேச்சாகிவிடும் போலிருந்தது. பஸ் வந்தது. ஏறினார்கள். தம்பி மனைவி முன்னால் போய்த் தனி இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

அமைச்சரின் உரையில் ஆறுதல் நோக்கமே தெரிகிறது என்று கமிஷன் அறிக்கை வந்தது. டீச்சர் அதை ஒருமுறைதான் படித்தாள்.

அடுத்த மாதம் தம்பி மனைவி பிறந்த வீட்டுக்குக் கிளம்பினாள். சண்டை ஒன்றும் இல்லை. மாடி அறையைப் பெருக்கித் துடைத்துச் சாவியை மேசைமேல் வைத்தாள். மாமனாரின் மாத்திரைகளைக் காலை, மாலை என்று பிரித்து டப்பாவில் போட்டுக் காட்டினாள். வாசலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கணம் நின்றாள். டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் போறேன்" என்றாள்.

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. மருந்துக்கடைக்குப் போகும்போதுகூட மாடிப்படியிலிருந்தே 'வரேன் அண்ணி' என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறவள். டீச்சர் தலையை ஆட்டினாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "என்னம்மா சொன்னா? எப்ப வருவாளாம்?"

"வர மாட்டாப்பா" என்றாள் டீச்சர். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.