நான் வெளியே எடுத்து வைத்த வாளி

“பாத்ரூம் கழுவாத கையி, பாத்ரூமுக்குச் சட்டம் எழுதக் கூடாது லா, தங்கச்சி. நீ நல்லா படிச்சிருக்கே. ஆனா குனிஞ்சதில்ல.”

செல்வி அக்கா இதைச் சொன்னபோது என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

என் அருமை சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியைச் சபையில் சொல்லும்படி போதகர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நழுவினேன். ஆண்டவர் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதற்கு முன்னால் நான் செய்ததைச் சொல்ல வேண்டுமே, அதுதான் வெட்கம். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

நான் நம் மலைமேல், பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். அறைகளுக்குத் துணை மேற்பார்வையாளர். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டிலேயே ஆயுளைக் கழித்தவர். அம்மா கொழுந்து எடுத்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளியின் படிவம் ஐந்தை முடித்து, டிப்ளோமாவும் வாங்கிய முதல் ஆள் நான். என் சட்டையில் பெயர்ப் பட்டை குத்திய அன்று அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் விரலை முத்தமிட்டார். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இன்னும் இருக்கிறது. அதில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் வேறொன்றும் ஒளிந்திருந்தது. தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் எங்கள் லைன் வீடு.

லைன் வீட்டில் குளிப்பது எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு வாளி, ஒரு குவளை, உட்கார ஒரு ஸ்டூல். படிவம் நான்கில் ஒரு தோழி என் வீட்டுக்கு வந்தாள். குளியலறையைப் பார்த்துவிட்டுப் போய் வகுப்பில் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து வாளியைக் கண்டாலே எனக்கு முகம் சூடாகும்.

போன வருடம் ஹோட்டல் குளியலறைகளைப் புதுப்பிக்க மானேஜர் முடிவு செய்தார். எதை எடுக்கலாம், எதை வைக்கலாம் என்று என்னிடம் பட்டியல் கேட்டார். படித்த பிள்ளை, எழுதிக் கொடு என்றார். நான் எழுதினேன். வாளி, வேண்டாம். சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல், வேண்டாம். தரையில் போடும் ரப்பர் பாய், விளம்பரப் படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது, வேண்டாம். பழைய பராமரிப்புக்காரர் கழிப்பறைக்குப் பக்கத்தில் சுவரோடு முறுக்கி வைத்த இரும்புப் பைப், வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் பளபளக்கும் வெள்ளைத் தரை, துண்டு தொங்கவிட மெல்லிய வெள்ளிநிறக் கம்பி, சுவரில் ஷவர்.

அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் செல்வி அக்கா அப்படிச் சொன்னார். அறைகளைக் கழுவுவது அவர். “மலைக்குக் கீழயிருந்து வர்ற வயசானவங்க எல்லாம் ஸ்டூல்ல உக்காந்துதான் குளிக்கிறாங்க. பைப்பைப் புடிச்சுத்தான் எந்திரிக்கிறாங்க. துடைக்கிற எனக்குத் தெரியும். பைப்புல பாதி தூரம் வரைக்கும் கைத்தடம் இருக்கும்.”

“அக்கா, இது ஹோட்டல். லைன் வீடு இல்ல” என்றேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார். குப்பைக்கு அனுப்பச் சொன்னேன். அவர் ஸ்டோரில் அடுக்கி வைத்தார். அதுகூட அப்போது எனக்குக் கீழ்ப்படியாமையாகத்தான் பட்டது.

எங்கள் ஹோட்டலில் வேலை செய்பவர்களின் குடும்பத்துக்கு வருடத்தில் ஓர் இரவு இலவசம். நான் அப்பாவையும் அம்மாவையும் அழைத்து வந்தேன். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு ஹோட்டல் கட்டிலில் படுக்கப் போகிறார். வெள்ளை விரிப்பைப் பார்த்துவிட்டு, “இதுல படுத்தா அழுக்காயிடாதாம்மா?” என்று கேட்டார். முதல் மாடியில், புதுப்பித்த அறையையே அவர்களுக்குக் கொடுத்தேன். என் கையால் ஆன அறை.

மறுநாள் ஞாயிறு. எனக்குக் காலை வேலை. முடித்துவிட்டு மூவரும் ரிங்லெட்டுக்கு ஆராதனைக்குப் போவதாக இருந்தது. அம்மா பசியாற முதலில் கீழே வந்தார். “அப்பா குளிச்சிட்டு வர்றேன்னாரு” என்றார். தட்டில் இருந்ததை முடித்தார். அப்பா வரவில்லை. மேலே போனார். சில நிமிடத்தில் படிக்கட்டில் அவர் ஓடி வரும் சத்தம் கேட்டது. அம்மா ஓடி நான் பார்த்ததேயில்லை.

“அப்பா கூப்புட்டா பேச மாட்டேங்குறாருடி.”

குளியலறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. வெளியிலிருந்து திறக்கும் சாவி என்னிடம் உண்டு. திறந்தேன். கதவு இரண்டு விரல் அளவு போய் நின்றது. உள்பக்கம் திறக்கும் கதவு அது. அப்பா அதன் மேல்தான் விழுந்து கிடந்தார். இடுக்கில் அவருடைய ஈரமான தோள் தெரிந்தது. ஷவர் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நம் மலைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

“அப்பா!” என்றேன். தோள் லேசாக நடுங்கியது. பதில் இல்லை.

பராமரிப்புக்காரருக்கு அன்று விடுமுறை. வரவேற்பில் இருந்தவரை ஆம்புலன்சுக்கு அழைக்கச் சொன்னேன். கதவைத் தள்ளினால் அப்பாவின் கழுத்து மடங்கியது. தள்ள முடியவில்லை. தள்ளாமலும் இருக்க முடியவில்லை. தரையில் முட்டி போட்டேன்.

இங்கேதான் நான் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. என் வாயில் வந்த முதல் ஜெபம் என்ன தெரியுமா? “ஆண்டவரே, பக்கத்து அறைக்காரர்கள் வெளியே வந்து பார்க்காதபடி செய்யும்.” அப்பா உள்ளே குளிரில் கிடக்கிறார். நான் என் பெயர்ப் பட்டைக்காக ஜெபித்தேன்.

அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது. உடைந்து போனேன். அம்மா பக்கத்தில் கதவில் நெற்றியை வைத்து, “இயேசப்பா, இயேசப்பா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சத்தமாகவே சொன்னேன். “ஆண்டவரே, அப்பாவுக்குப் பிடிக்க ஒன்றுமில்லாமல் செய்தது நான்தான், இந்தக் கதவை அடைத்தது நான்தான். எனக்குத் திறக்கத் தெரியவில்லை. திறக்கத் தெரிந்த ஒருவரை அனுப்பும்.”

நடையின் முனையில் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.

“கதவ இடிக்காதீங்க!” செல்வி அக்காவின் குரல். “இடிச்சா அவரு மேலதான் விழும். பின்னால ஜன்னல் இருக்கு லா!”

அந்தக் குளியலறைக்குப் பின்பக்கம் ஒரு நடை உண்டு. அங்கே உயரத்தில் ஒரு சிறிய ஜன்னல், கண்ணாடிப் பட்டைகளை வரிசையாகச் சொருகியது. அது திறக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன். செல்வி அக்கா மாதம் ஒரு முறை ஒவ்வொரு பட்டையாக உருவிக் கழுவி மறுபடி சொருகுகிறவர். ஸ்டோருக்கு ஓடினார். வரும்போது அவர் கையில் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் இரண்டு. நான் தூக்கிப் போடச் சொன்ன அதே ஸ்டூல்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தார். “புடி” என்றார். பிடித்தேன். பட்டைகளை உருவி உருவி என்னிடம் தந்தார். கழுத்தில் துண்டுகளைச் சுற்றிக்கொண்டு தலையை உள்ளே விட்டார். இடுப்பு மாட்டிக்கொண்டது.

“போன தீவாளிக்கு அந்த முறுக்கத் தின்னுருக்கக் கூடாது” என்று முனகினார். “முருகா” என்றார். வழுக்கி உள்ளே இறங்கினார். அவர் தன் சாமியைக் கூப்பிட்டார். நான் என் ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டே ஸ்டூலைப் பிடித்திருந்தேன்.

முதலில் தண்ணீர் நின்றது. பிறகு அவர் குரல் கேட்டது. அத்தனை மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

“ஐயா, நான் கண்ண மூடிக்கிட்டேன். துண்டு போத்துறேன். உங்க மக மாதிரிதான் நானு. கூச்சப்படாதீங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் நகருவோமா?”

கதவு திறந்தது.

அப்பாவின் உதடு நீலமாக இருந்தது. கையில் அந்த வெள்ளிநிறக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். ஷவரைத் திருகியிருக்கிறார். சுடுதண்ணீருக்கு எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் குளிர்ந்த தண்ணீர் தலையில் விழுந்திருக்கிறது. பதறிப் பின்னால் நகர்ந்து கம்பியைப் பிடித்திருக்கிறார். துண்டு தொங்கவிடும் கம்பி ஒரு மனிதனைத் தாங்குமா? சுவரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

அம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். “ஏங்க பேசாம கெடந்தீங்க? நாங்க செத்துட்டோம்.”

அப்பா என்னைப் பார்த்தார். பல் தந்தியடிக்க, “சத்தம் போட்டா எல்லாரும் வந்துருவாங்க. உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?” என்றார்.

அவர் மயங்கிக் கிடக்கவில்லை. எனக்காக வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நான் நடையில் உட்கார்ந்து ஜெபித்தேன். இந்த முறை எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அவர் மறுபடி நடக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். இடுப்பு எலும்பு தப்பியது. மணிக்கட்டில் ஒரு விரிசல், தோளில் வீக்கம். ஈரத்தரையில் அந்தக் குளிரில் இன்னும் நேரம் போயிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் அம்மா அங்கேயே ஆண்டவருக்கு நன்றி சொன்னார். நான் வெளியே வந்து செல்வி அக்காவைத் தேடினேன். அவர் எங்களோடு வண்டியில் ஏறி வந்திருந்தார். வாசலில் நின்றபடி கையில் கண்ணாடி கீறிய இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏய், எந்திரி. யூனிபார்ம் அழுக்காவுது” என்றார்.

மறுநாள் மானேஜரிடம் போனேன். வயதானவர் கவனக்குறைவாக விழுந்தார் என்று அறிக்கை எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் யாரும் என்னைத் தடுக்கவும் மாட்டார்கள், கேள்வி கேட்கவும் மாட்டார்கள். ஆனால் அப்பா எனக்காக மூடிய வாயை நான் எனக்காக மூட முடியாது. அந்தப் பட்டியல் என்னுடையது, தப்பு என்னுடையது என்றேன். வேலை போகும் என்றே நினைத்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தி, புதுப் பட்டியல் கொடு என்றார். அந்தத் தாளை நான் தனியாக எழுதவில்லை.

செல்வி அக்கா என்னைக் காலி அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். என் வலக்கையைத் துப்பட்டாவால் உடம்போடு கட்டினார். கண்ணை மூடச் சொன்னார். கழிப்பறையில் உட்கார வைத்தார்.

“இப்ப எந்திரிங்க, மேடம்.”

முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு எழ வேண்டுமாம். முயன்றேன். சுவரைத் தடவினேன். பிடிக்க ஒன்றுமில்லை.

“முடியலக்கா.”

“படிச்ச முட்டிக்கே முடியல. கொழுந்து சொமந்த முட்டிக்கு?”

இருவரும் அங்கேயே சிரித்தோம். பிறகு நான் அழுதேன். அவர் கட்டை அவிழ்க்காமலேயே என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

இன்று எங்கள் கீழ்த்தளத்தில் நான்கு அறைகள் இருக்கின்றன. அவற்றில் குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். தரை சொரசொரப்பானது. கழிப்பறைக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் சுவருக்குள் இறக்கிய கனத்த பிடிகம்பி. அதில் நான் முழு எடையோடு தொங்கிப் பார்த்தேன். செல்வி அக்கா தொங்கி, “முறுக்கையும் தாங்குது” என்றார். வழுக்காத ஸ்டூல் உண்டு. உட்கார்ந்தபடி கையில் பிடிக்கும் ஷவரும் உண்டு. வாளியும் குவளையும் உண்டு.

தெலுக் இந்தானிலிருந்து வந்த ஓர் அம்மா போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஊர் ஊராப் போறோம்மா. எங்க போனாலும் நான் துணிய நனைச்சு ஒடம்பத் தொடச்சுக்குவேன். விழுந்துருவோம்னு பயம். இங்கதான் குளிச்சேன்.” எனக்கு அது போதும்.

பிரியமானவர்களே, உங்கள் நெருக்கத்தில் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கிறார். நான் வானத்தைப் பார்த்துக் கேட்டேன், அவர் துடைப்பத்தோடு ஒருவரை அனுப்பினார். அவர் அனுப்பிய ஆளை அடையாளம் தெரியாமல் விட்டுவிடாதீர்கள். பெற்றோரை வெளியூர் அழைத்துப் போகும்போது பயணத்துக்காக ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு ஹோட்டலுக்கும் ஒரு போன் போடுங்கள். குளியலறையில் பிடிகம்பி இருக்கிறதா, கதவு எந்தப் பக்கம் திறக்கும், கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் நீங்கள் உள்ளே நடந்து பாருங்கள். நம் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள். விழுந்தாலும் சொல்ல மாட்டார்கள்.

அப்பாவின் கை ஆறிவிட்டது. ஆனால் அதன்பிறகு அவர் எங்கேயும் தங்கப் போகவில்லை. “ஹோட்டல்லாம் நமக்குச் சரிப்படாதும்மா” என்பார். நான் வற்புறுத்தவில்லை. ஜெபத்தில் மட்டும் வைத்திருந்தேன். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

“வாளிய திரும்ப வச்சிட்டியாமே? செல்வி சொல்லுச்சு.”

“வச்சிட்டேம்பா.”

“அப்படின்னா ஒரு ராத்திரி வரலாம்.”

இந்த வருடத்து இலவச இரவை அவர்கள் பெயரில் எழுதிவிட்டேன். கீழ்த்தளம், நான்காவது அறை, வரும் சனிக்கிழமை. இன்று காலை செல்வி அக்காவிடமிருந்து பிரஷை வாங்கி, குனிந்து, அந்தத் தரையை நானே தேய்த்துக் கழுவினேன். துடைத்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கதவிலிருந்து ஸ்டூல் வரை நடந்து பார்த்தேன்.