மோட்டார் ஓடிய பதிவு

கேம் ஜாம் என்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு வீடியோ கேமை முதலிலிருந்து செய்து முடித்துவிட வேண்டும். புரோகிராம் எழுதக் கற்று ஆறு மாதம்கூட ஆகாத நான், கல்லூரி நண்பன் உசுப்பிவிட்டதில் பெயர் கொடுத்துவிட்டேன். படம் வரைவது அவன் வேலை. மற்றதெல்லாம் என் தலையில்.

"மச்சான், ஜாம் அன்னிக்கு உக்காந்து சவுண்டு தேடிகினு இருந்தா பேஜாராயிடும். காலடி, கதவு, எல்லாம் இப்பவே ரெடி பண்ணி வை," என்றான் போனில்.

சேலையூரில் அமைதியாக ஒரு சத்தத்தைப் பதிவு செய்வது லேசான காரியமில்லை. தலைக்கு மேல் பயிற்சி விமானம் சுற்றும். அது ஓய்ந்தால் பக்கத்து மனையில் டைல்ஸ் அறுப்பார்கள். ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கினேன். கேட்டுப் பார்த்தால் திருடன் நடப்பது மாதிரி இருந்தது. எரிச்சலில் லேப்டாப்பில் கிடந்த பழைய பதிவுகளைக் கிளறினேன்.

ஒன்று அகப்பட்டது. மூன்று வருடம் முன்பு தண்ணீர் மோட்டார் வழக்கத்துக்கு மாறாக இரைந்தபோது, மெக்கானிக்கிடம் காட்டுவதற்காகப் படிக்குக் கீழே நின்று போனில் பதிவு செய்தது. மோட்டார் இரைகிறது. டேங்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போன அப்பா இறங்கி வருகிறார். முழங்கால் வலி என்பதால் ஓர் அடி, ஓர் இழுப்பு. கூடவே ஒரு முனகல். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடிய பாட்டை வாரம் முழுக்க வார்த்தையில்லாமல் முனகிக்கொண்டிருப்பார்.

அப்பா தவறிப்போய் இரண்டு வருடம். கேமராவைக் கண்டாலே நழுவிவிடுகிற மனிதர். அவர் குரல் என்று எங்களிடம் வேறு எதுவும் கிடையாது.

ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். சமையலறையிலிருந்து அம்மா, "மாடி சாவிய ஆணியில மாட்டுங்க," என்றாள்.

அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா ஈரக்கையோடு வந்து என் அறை வாசலில் நின்றாள்.

"இன்னொரு தடவ போடு."

நான்கு தடவை போட்டேன். "மோட்டார் சத்தம் அவர மறைக்குதுப்பா. அது இல்லாம கேக்க முடியாதா?" என்றாள்.

"ரெண்டு நிமிஷ வேலைம்மா," என்றேன், பெரிய இவன் மாதிரி.

அதற்கு ஒரு வழி உண்டு. மோட்டார் மட்டும் இரையும் ஒரு துண்டைக் காட்டி இதுதான் இரைச்சல் என்று சொன்னால், அந்த மாதிரி இருப்பதையெல்லாம் பதிவு முழுவதிலிருந்தும் மென்பொருள் எடுத்துவிடும். காட்டினேன், எடுத்தது. முதல் இரண்டு படிகளைக் கேட்டேன். அடி பளிச்சென்று விழுந்தது. அந்த நிமிடம் அம்மா என் நினைப்பில் இல்லை. ஜாமுக்கு அருமையான காலடி கிடைத்துவிட்டது என்றுதான் கை துறுதுறுத்தது. அதே பெயரில், பழைய பதிவின் மேலேயே சேமித்து மூடினேன்.

மறுபடி திறந்து முழுதாகக் கேட்டபோது முனகல் இல்லை. இழுப்பும் இல்லை. இரண்டும் மோட்டார் இரைச்சலைப் போலவே தாழ்ந்த சுருதியில் இழுபடும் சத்தம். மோட்டாரோடு அவரையும் இரைச்சல் என்று எடுத்துப் போட்டிருக்கிறேன். நகல் எடுக்காமல் மூலத்தில் கை வைக்கக் கூடாது என்பது எந்தக் கற்றுக்குட்டிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பதிவு செய்த போன் எப்போதோ எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. மெக்கானிக்குக்கும் அதை அனுப்பவில்லை, அவர் நேரிலேயே வந்து கேட்டுவிட்டார்.

சாயங்காலம் அம்மா புடவை மாற்றி, தலை வாரி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நடந்ததைச் சொல்லாமல் போட்டேன். படியில் அடிகள் ஒவ்வொன்றாக இறங்கி நின்றன. முடிந்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"யாருப்பா இது, நம்ம படியில?" என்றாள்.

அடுத்த வாரம் ஜாம். நண்பன் வரைந்து அனுப்பிய வீட்டில் மாடிப்படி இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன்.