போக வழி இருந்தது

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் திங்கட்கிழமை. பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது. பாஸ்போர்ட்டோ மேஜை இழுப்பறையில் கிடந்தது. இருபத்தாறு வருடமாக ஊர் உலகத்துக்கெல்லாம் விமான டிக்கெட் போட்டுக்கொடுத்த மனிதர், தான் ஒரு தடவைகூட விமானத்தில் கால் வைத்ததில்லை. கேட்டால், சமையல்காரன் எல்லாச் சட்டியிலும் கையை விட்டுத் தின்றுகொண்டா இருக்கிறான் என்று சிரிப்பார். நன்றாகப் பேசுவார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அலுவலகம் ஒரு செருப்புக் கடையின் மாடியில். ஏறுபவர் சுவரோடு ஒட்டிக்கொண்டால்தான் இறங்குபவர் இறங்க முடிகிற படிக்கட்டு. உள்ளே மூன்று மேஜை, ஒன்றில்தான் ஆள். சுவரில் ஐந்து நாட்டு நேரம் காட்ட ஐந்து கடிகாரங்கள். அதில் இரண்டுக்கு பேட்டரி தீர்ந்து யுகமாகிறது. ஆளாளுக்குக் கைபேசியிலேயே டிக்கெட் போடப் பழகிக்கொண்ட பிறகு அங்கே ஈ ஓட்டுவதுதான் வேலையாக இருந்தது. முதலாளி ஒரு நாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடையை இழுத்து மூடிவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். அன்றைக்கு இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் நோய் வந்தது. விமான நிலையங்கள் மூடின, பாதி திறந்தன, மறுபடியும் மூடின. இந்த நாட்டுக்குப் போக இரண்டு ஊசி, அந்த நாட்டுக்கு மூன்று பரிசோதனை, இன்னொரு நாட்டில் இறங்கினால் பதினான்கு நாள் ஓட்டல் அறையில் அடைப்பு. காலையில் ஒரு உத்தரவு, சாயங்காலம் அதற்கு ஒரு திருத்தம். கைபேசி பொத்தானை அழுத்தி டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தலை சுற்றியது. பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருந்தது. அந்த மனிதர் செருப்புக் கடை மாடியில் உட்கார்ந்திருந்தார்.

அவர் விதிகளைப் பென்சிலில்தான் எழுதிவைப்பார். பக்கத்தில் ஒரு ரப்பர். எந்த நாடு எப்போது திறக்கும் என்று யார் கேட்டாலும், திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கள், புது உத்தரவு வரும் என்பார். பெரும்பாலும் வரவும் செய்யும். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கூடிய சீக்கிரம் படிக்கட்டு முழுக்க ஆட்கள் நின்றார்கள். ஒரு காலத்தில் இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன பல் டாக்டர், மகளைப் பார்க்கப் போக வழி கேட்டுக் கைகட்டி நின்றார். "சார், உங்களை விட்டா எங்களுக்கு யார் இருக்கா?" என்று காது குளிர எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா? ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதரை முதல்முறையாக நாலு பேர் 'சார்' என்று கூப்பிட்டால் அவருக்கு என்ன ஆகுமோ அதுதான் இவருக்கும் ஆயிற்று. அதைக் குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை. குற்றம் அதற்கு அடுத்த வாசலில் இருக்கிறது.

அவருடைய மனைவி வெளிநாட்டில் நர்ஸ். போய் ஆறு வருடமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவாள், வீட்டை ஒரு தட்டு தட்டிச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பிப் போவாள். புருஷனும் பக்கத்தில் இருக்கட்டும் என்று அலைந்து திரிந்து அவருக்குக் குடும்ப விசா வாங்கியிருந்தாள். விசா கைக்கு வந்து இரண்டாவது மாதம் நோய் வந்தது. ஒன்றரை வருடத்துக்குள் அந்த நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விசா செத்துப்போகும். அதோடு, பயணம் போகிறவர் கையில் கூப்பிடுகிறவரின் கடிதம் இருக்க வேண்டும், அவள் கையெழுத்தோடும் ஆஸ்பத்திரி முத்திரையோடும். முப்பது நாளுக்குத்தான் அது செல்லும்.

அவள் மூன்று தடவை அந்தக் கடிதம் வாங்கி அனுப்பினாள். இராப்பணி முடிந்து, முகக்கவசம் அழுத்திய தடம் மறையாமல், ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று வாங்குவாள். மூன்று கடிதங்களும் இவருடைய இழுப்பறையில் கிடந்து நாள் கடந்து போயின. நேர் விமானம் இன்னும் விடவில்லை, திங்கட்கிழமை தெரியும், என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். வேறு வழி ஏதாவது உண்டா என்று அவள் கேட்டபோது, எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டார்கள் என்றார்.

எல்லாப் பக்கமும் அடைக்கவில்லை. ஒரு வழி இருந்தது. நடுவே மூன்றாவதாக ஒரு நாட்டில் இறங்கி, பதினான்கு நாள் ஓட்டல் அறையில் கிடந்து, பரிசோதனை முடித்து, அங்கிருந்து இன்னொரு விமானம் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த வழியைத் தெருவுக்கே கண்டுபிடித்துக் கொடுத்தவர் இவர்தான். வாரத்துக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் என்று அனுப்பிக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் மனைவியிடம் மறைத்ததற்கு ஒரு நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். முதல் கூட்டத்தில் போன ஏழு பேர், அந்த நடு நாடு திடீரென்று கதவைச் சாத்தியதில், ஒரு மாதம் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். அதைப் பார்த்து மனைவியிடம் சொல்ல இவர் தயங்கினார். ஆனால் ஏழு பேருக்குப் பிறகு எழுபது பேர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தார்களே. அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நடுவில் அவளுக்கே நோய் வந்தது. வார்டில் யாரிடமிருந்தோ தொற்றிக்கொண்டது. பன்னிரண்டு நாள் தனி அறை. இருமலுக்கு நடுவே, "நீங்க வந்து ஒண்ணும் செய்ய வேண்டாம். கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாகூடப் போதும்" என்றாள். இவர் கண் கலங்கினார், நிஜமாகவே கலங்கினார். என்ன செய்வது, வழி இல்லையே, என்றார். மறுநாள் காலை முகம் கழுவிக்கொண்டு அலுவலகம் போய், பதினோரு பேருக்கு அந்த வழியில் டிக்கெட் போட்டார்.

இந்த நிலையில்தான் தையல்காரம்மா படியேறி வந்தார். இரண்டு தெரு தள்ளி ஜாக்கெட் தைக்கிறவர், அறுபதைத் தாண்டிய அம்மா. மகளும் மருமகனும் இவர் மனைவி இருந்த அதே நகரத்தில் இருந்தார்கள். மருமகன் அந்த நோயில் போய்விட்டான். மகள் இரண்டு சின்னக் குழந்தைகளோடு நடுத்தெருவில் நின்ற மாதிரி நின்றாள். இவர் வழக்கம்போலப் பென்சிலை எடுத்துக்கொண்டு, நேர் விமானம் வரட்டும், வயதான காலத்தில் அவசரப்படாதீர்கள் என்று ஆரம்பித்தார். அந்த அம்மா கடைசி வரை கேட்கவில்லை.

"தம்பி, போக வழி இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

இருக்கிறது என்றார். பதினான்கு நாள் ஓட்டல், மொழி தெரியாத ஊர், மாட்டிக்கொண்டால் கேட்க ஆளில்லை என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். தைக்கும்போது பத்து மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருகிறவளுக்கு ஓட்டல் அறை என்ன பெரிய ஜெயிலா என்று சொல்லிவிட்டு, தையல்காரம்மா பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்தார். இவர் டிக்கெட் போட்டுக் கொடுத்தார்.

அப்போது செய்ததுதான் வேடிக்கை. ஆறு வருடப் பழக்கம், அந்த நகரத்துக்கு யார் போனாலும் ஒரு பார்சல் கொடுத்தனுப்புவார். நோய் வந்த பிறகு அந்த நகரத்துக்கே போகிறவர் இந்த அம்மாதான் முதல். மனைவி மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி கேட்டிருந்தாள், நின்று நின்று கால் வெடிக்கிறது என்று. கீழே செருப்புக் கடையிலேயே வாங்கினார், தைலம் இரண்டு டப்பா வைத்தார், மேலே அவள் பெயரையும் நம்பரையும் எழுதி, அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்தார். அடைத்துவிட்டார்கள் என்று தான் சொன்ன வழியிலேயே செருப்பு போகிறது என்பது அவர் மண்டையில் உறைக்கவில்லை. பயணிகள் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று அத்தனை காலமாகப் பிரித்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

பத்தொன்பதாவது நாள் தையல்காரம்மா போய்ச் சேர்ந்தார். அதற்கு மூன்று நாள் கழித்துக் காலையில் மனைவி கூப்பிட்டாள். செருப்பு அளவு சரியாக இருக்கிறது என்றாள். கொண்டுவந்த அம்மா நல்ல மாதிரி என்றாள். ஓட்டலைப் பற்றி, ஜன்னல் வழியாகத் தெரிந்த பாலத்தைப் பற்றி, கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகும் சாப்பாட்டைப் பற்றி எல்லாம் அந்த அம்மா சொன்னாராம். உன் வீட்டுக்காரர் புண்ணியத்தில்தான் வந்தேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். அவள் குரலில் கோபம் இல்லை.

"அந்த வழியில எத்தனை பேரை அனுப்பினீங்க?"

இவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அவள், எண்ணிக்கையைத்தான் கேட்டேன், என்றாள். ஒரு எட்டு, ஒன்பது பேர் இருக்கும் என்றார். தன்னோடு கிளம்பியவர்களிலேயே பதினாலு பேர் உங்கள் டிக்கெட் என்று அந்த அம்மா சொன்னாரே, என்றாள். அவள் டூட்டிக்கு நேரமாகிறது என்று போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

விசா சாவதற்கு இன்னும் இருபது நாள் இருந்தது. இவர் அன்றைக்கு ஓடின ஓட்டம் வாழ்க்கையில் ஓடியதில்லை. அடுத்தவர்களுக்குப் போடும் அதே விரல்கள், தன் பெயரைத் தட்டும்போது இரண்டு தடவை தப்பும் தவறுமாக அடித்தன. மூன்றாம் நாள் விமானத்தில் சீட் கிடைத்தது. ஓட்டல் அறை பதிவு செய்தார், பரிசோதனைக்கு மூக்கைக் கொடுத்தார். முதலாளி, "நீ போயிட்டா வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கையைப் பிசைந்தார். அந்த நிலைமையிலும் இவருக்கு அது இனித்தது. டிக்கெட்டைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பி, கடிதம் மட்டும் அனுப்பிவிடு என்று எழுதினார். அவள் பார்த்துவிட்டாள் என்று கைபேசி காட்டியது. பதில் வரவில்லை. மூன்று தடவை அனுப்பியவள், நாலாவது தடவை அனுப்பாமலா போய்விடுவாள்? இராப்பணி, தூங்கியிருப்பாள், எழுந்து அனுப்புவாள். இப்படியே மூன்று நாளும் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பெட்டியைக் கட்டினார்.

விமான நிலையத்தில் அவர் பயணியாகக் கவுண்டர் முன்னால் நின்றது அன்றைக்குத்தான். வரிசையில் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே தரையில் வட்டம் போட்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட், விசா, ஊசிச் சான்று, பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் புரட்டினாள். பிறகு கடிதம் எங்கே என்றாள். கைபேசியில் இப்போது வந்துவிடும் என்றார். வந்ததும் வாருங்கள், சற்றுத் தள்ளி நில்லுங்கள் என்றாள். நான் எத்தனை வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன் தெரியுமா என்று சொல்ல வாயெடுத்தார். அவள் அடுத்தவரின் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டிருந்தாள்.

பெட்டியைத் தூண் ஓரமாக இழுத்து வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள். காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கவுண்டர்ல நிக்கிறேன். கடிதம் அனுப்பிட்டியா?"

"இல்லைங்க. நான் வாங்கவே போகலை."

அவருக்குக் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, ஓடிப்போய் வாங்கி அனுப்பு என்று கெஞ்சினார். தப்புதான் என்றார். அப்புறம், முகக்கவசத்துக்குள் மூச்சு முட்ட, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். போகப் பயமில்லை. இங்கே படிக்கட்டு முழுக்க மனிதர்கள் தன்னைத் தேடி வந்தார்கள். அங்கே வந்தால் தான் நர்ஸ் வீட்டுக்காரர், வேலைவெட்டி இல்லாமல் அறையில் உட்கார்ந்திருக்கிறவர். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று ஆசை இழுத்தது, அவ்வளவுதான். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பம் என்று அவருக்கே தெரிந்தது. கூசியது. ஆனாலும் முழுவதையும் சொல்லி முடித்தார்.

அவள் கடைசி வரை கேட்டாள்.

"இதை அப்பவே சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அதோட போயிருக்கும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அந்த இருமல் அவளை இன்னும் முழுசாக விடவில்லை. "பன்னெண்டு நாள் அந்த ரூம்ல கிடந்தேன் பாருங்க. ஒவ்வொரு நாளும், பாவம் மனுஷன், வர முடியாம அங்க எப்படித் தவிக்கிறாரோன்னு உங்களுக்காகத்தான் அழுதேன். எனக்காக ஒரு நாள்கூட அழலை."

அவர் பெட்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"பெட்டி கனமா இருக்கும். பார்த்துத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

கவுண்டர்ப் பெண் அவர் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டு, காத்திருப்பில் நின்ற ஒருவரை உள்ளே வரச் சொன்னாள்.