இரண்டு பேருக்கு ஒரு தோசை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தென்காசியில் ஒரு ஹோட்டல். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த கூட்டம் வாசல்வரை நின்றது. காத்திருந்து, காத்திருந்து, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு மேஜை கிடைத்தது.

"ஒரு நெய் ரோஸ்ட். கூட ஒரு காலித் தட்டு" என்றேன்.

சப்ளையர் நகரவில்லை. "அண்ணாச்சிக்கு?"

"அதுலயேதாம்பா" என்றார் வீட்டுக்காரர்.

சப்ளையர் வாசலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "என்ன ஆச்சி, ஒரு தோசைக்கு ரெண்டு சேரா? அங்கன பாருங்க, பிள்ளைகுட்டியளோட எத்தன பேரு நிக்காவன்னு."

நியாயமான கேள்விதான். 'ஆச்சி' மட்டும் நியாயமில்லை. இவ்வளவு இளைத்தும் ஆச்சியா?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வயிறு பழைய செய்தி. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டேன். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் அளவுக்கு மிச்சம் வைப்பார்கள். அதில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் சாப்பாடு.

நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விதி, உட்பிரிவு, விதிவிலக்கு... இவையெல்லாம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆபரேஷனுக்கு முன்னால் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்தேன். கடைசியில் அவர், "மேடம், பேசாம நீங்களே பண்ணிக்கிடுதீயளா?" என்று கேட்டார்.

விதிகள் எளிமையானவை. புரதம் முதலில். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். புரோட்டா கூடவே கூடாது. மைதா அந்தச் சின்னப் பையில் மாவு உருண்டையாக உட்கார்ந்துகொண்டு, வந்த வழியே திரும்பும். ஒரு விதியைக்கூட நான் மீறவில்லை. சர்க்கரை மாத்திரை நின்றது. முழங்கால் மாடிப்படி ஏறுகிறது. குறையொன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால், ஹோட்டலில் எப்படி உட்காருவது என்று எந்த விதியிலும் இல்லை. டாக்டர் ஒரு அட்டை கொடுத்திருந்தார். 'இவருக்கு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, பாதி அளவு உணவு வழங்கி உதவவும்' என்று இங்கிலீஷில் அச்சடித்தது. குற்றாலத்தில் ஒரு மெஸ்ஸில் அதை நீட்டினேன். கல்லாவில் இருந்தவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கார்டெல்லாம் இங்கன செல்லாது மேடம். ஜிபே பண்ணிருங்க."

அதோடு அட்டையைப் பீரோவில் வைத்துவிட்டேன். ஒரு தோசை, ஒரு காலித் தட்டு என்று வழக்கமாயிற்று. முறுகலான ஓரம் எனக்கு, நடுவில் மெத்தென்று இருப்பது அவருக்கு. விதிப்படி எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் பிய்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த மேஜையிலிருந்து ஒரு குரல். மாடசாமி அண்ணாச்சி. என் வீட்டுக்காரரோடு மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்தவர். மதுரைக்கு, மகன் வீட்டோடு போய்விட்டார். ரொம்ப நாள் கழித்து இப்போதுதான் பார்க்கிறோம்.

"என்னவே இது கோலம்? ஆபரேஷன் மயினிக்குன்னுல்லா சொன்னாவ... ஒம்மப் பிடிச்சு அறுத்துட்டானுவளா?"

பக்கத்து மேஜைகள் சிரித்தன. வீட்டுக்காரரும் சிரித்தார். "வயசாவுதுல்லா வே" என்றார்.

நான் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கை போகும். வாட்ச் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் வழிந்து கிடந்தது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை. ஆணியால் அடித்த ஓட்டை... அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. வாரம் தவறாமல் மெஷினில் ஏறி என் எடையைப் பார்க்கிறவள் நான். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை எப்போது பார்த்தேன்?

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முன்பெல்லாம் சண்டை உண்டு. சத்தமாகவே உண்டு. அவர் கத்துவார், கதவை அறைவார். நான் மெமோ கொடுப்பதுபோல் ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் கேட்பேன். சாயங்காலம் அவர் ஸ்கூட்டரைத் துடைத்து வெளியே எடுப்பார். "வாட்டி, செங்கோட்டை ரோட்டுக்குப் போவோம்."

அங்கே ஒரு புரோட்டாக் கடை. இலை விழுந்ததும் முதலில் என் புரோட்டாவைத்தான் அவர் பிய்ப்பார். பொடிப்பொடியாக, பொறுமையாக. அதன்மேல் சால்னாவை ஊற்றி, ஊறவிட்டு, இலையை என் பக்கம் தள்ளுவார். பிறகுதான் தன்னுடையதைத் தொடுவார். யாரும் எதுவும் பேச மாட்டோம். சாப்பிட்டுக் கை கழுவினால் சண்டை முடிந்தது. மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் உச்சரித்ததில்லை. எல்லாம் சால்னாவோடு சரி.

ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்கூட்டர் அந்தப் பக்கம் போகவில்லை. "எனக்கும் மைதா ஒத்துக்கிட மாட்டேங்குது" என்றார். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

"அத்தான், எந்திரிங்க. செங்கோட்டை ரோட்டுக்குப் போவோம்" என்றேன்.

"இப்பமா? இப்பத்தானட்டி தோசை தின்னோம்."

"அது என் தோசை."

சாரலில் நனைந்துகொண்டே போனோம். கடைக்காரர் எங்களைக் கண்டதும் கல்லாவை விட்டே எழுந்து வந்தார். "வாங்க அண்ணாச்சி! கடை இருக்கதையே மறந்துட்டியளோ? என்னமோ ஏதோன்னு நெனச்சேன்."

நாலு புரோட்டா, நாட்டுக்கோழி அவருக்கு. அவித்த முட்டை எனக்கு. இந்த முறை நான் பிய்த்தேன். அவர் பிய்ப்பதுபோல் வரவில்லை. சில துண்டு பெரிது, சில துண்டு தூள். சால்னா ஊற்றி, இலையை அவர் பக்கம் தள்ளினேன்.

இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னட்டி இது புதுசா?"

"சாப்பிடுங்க."

முதல் வாய்க்குக் கண்ணை மூடினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வாய், மூன்றாவது வாய்... பிறகு வேகம் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் விரல் இலையில் அலைந்துகொண்டிருந்ததே தவிர, வாய்க்குப் போகவில்லை.

"என்ன, கோலமா போடுதீய?"

"முடியலட்டி."

"யாருக்கு? ஒங்களுக்கா? ஆறு தின்னுட்டு மேல ஒரு ஆம்லெட் கேக்குத ஆளுல்லா நீங்க."

"எடம் இல்லட்டி. கும்முனு இருக்கு."

அவர் வயிற்றை யாரும் வெட்டவில்லை. தைக்கவில்லை. இரண்டு வருஷம் அரைத் தோசையைத் தின்று தின்று அது தானாகவே சுருங்கிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வரவேண்டிய இடங்களில் எனக்குக் கோபம் வந்துதான் பழக்கம்.

"ஒங்கள பட்டினி கெடக்கச் சொல்லி நானா சொன்னேன்?"

"ஒன் முன்னால ஒக்காந்து நான் மட்டும் மொச்சு மொச்சுனு தின்னா நல்லாவா இருக்கும்?"

"ஒத்தையில வந்து தின்னுருக்கலாம்லா?"

"வந்தேன்" என்றார். இலையைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு வாட்டி வந்தேன். கொண்டாந்து வச்சான். பிச்சேன். ஒத்தையில ஒக்காந்து யாருக்குட்டி பிச்சுப் போட? அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்."

முட்டையை மென்றுகொண்டிருந்தேன். கூழாகி வெகுநேரமாகியும் மென்றுகொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்கு முன் சிக்கல்கள் என்னென்ன வரலாம் என்று டாக்டர் வாசித்துக் காட்டியது எனக்கு மனப்பாடம். ரத்தக் கசிவு, தையல் விடுதல், பித்தப்பைக் கல், முடி உதிர்தல், வைட்டமின் குறைவு. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டவள் நான். இப்படியொன்று வரும் என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

சப்ளையர் வந்தார். "பார்சல் கட்டவா அண்ணாச்சி?" சால்னாவில் ஊறிய புரோட்டாவை எங்கே கட்டுவது? வீட்டுக்காரர் இலையை மூடினார். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அவர் சாப்பாட்டை மிச்சம் வைத்து மூடிய இலையை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது சாரல் கொஞ்சம் வலுத்தது. ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினார். நான் கேட்டேன், "நாளப்பின்ன நமக்குள்ள ஒரு சண்டை வந்தா, எங்கன போயி முடிக்க அத்தான்?"

திரும்பாமலே சொன்னார்.

"அதுக்குத்தானட்டி ரெண்டு வருசமா வாயத் தொறக்காம இருக்கேன்."

நானோ... மனுஷன் திருந்திவிட்டார் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்!